மிகச் சிறந்த மல்லர் யார்? இந்த விவாதத்தை முறையாக நடத்துவதற்கு ஒரு வழிகாட்டி

தொழில்முறை மல்யுத்த ரசிகர்கள் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு விரைவில் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்துவிடும். எல்லாரிலும் சிறந்தவர் யார் என்ற அந்தக் கேள்விக்கு ஒருவர் ஹல்க் ஹோகன் என்பார், மற்றவர் அண்டர்டேக்கர் என்பார். சற்று நேரத்தில் இருவரும் தங்கள் சிறுவயது நாயகரைக் காப்பாற்றும் வேலையில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் புகழை அளந்துகொண்டிருக்க, மற்றவர் ரிங்குக்குள் நடந்த வேலையை அளந்துகொண்டிருப்பதால், எவ்வளவு நேரம் பேசினாலும் இருவரின் வாதங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இந்த விவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒழுங்காக நடத்தினால், ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்த ஒரு கலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அது கற்றுத்தரும். அதை எவ்வாறு நடத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவு முன்பே எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குங்கள்

விவாதத்தில் இருக்கும் அனைவரும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது ஆட்டத்துக்கு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. இது இன்று யாருக்கும் இரகசியமில்லை. 1989ஆம் ஆண்டிலேயே, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, அன்றைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் தன்னுடையது பொழுதுபோக்கு நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டது. “எல்லாம் நடிப்புதானே, இதில் யார் சிறந்தவர் என்று என்ன பேச்சு?” என்று வெளியாள் ஒருவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். நடிப்பு என்பதால்தான் கேள்வியே சுவையாகிறது என்று சொல்லுங்கள். போட்டி விளையாட்டில் வென்றவர் பெரும்பாலும் சிறந்தவராகிவிடுகிறார். இங்கே வெற்றி வேறொருவர் கையில் இருப்பதால், சிறப்பை வேறெங்கோ தேடியாக வேண்டியிருக்கிறது.

முடிவு எழுதப்பட்டதுதான், உடல் படும் அடி எழுதப்பட்டதன்று. 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் தவறாக விழுந்த ஒரு பைல்டிரைவரால் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடி) ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து பழுதடைந்தது. 2003க்குப் பிறகு அவர் நெடுங்காலம் களமிறங்கவே இல்லை. 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஜப்பானிய மல்லர் மிட்சுஹாரு மிசாவா ரிங்கிலேயே நினைவிழந்து, அன்றே உயிரிழந்தார். தன் உடலையும் எதிராளியின் உடலையும் பாதுகாத்துக்கொண்டே ஆயிரக்கணக்கானவர்களை நம்பவைப்பது அரிய திறமை. விவாதம் அந்தத் திறமையைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

பட்டங்களை எண்ணும் பழக்கத்தை விடுங்கள்

பெரும்பாலான விவாதங்கள் தடம்புரளும் இடம் இதுதான். ஜான் சீனா 2025 ஏப்ரலில் லாஸ் வேகஸில் நடந்த, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெசில்மேனியா 41இல் கோடி ரோட்ஸை வென்று 17ஆவது முறையாக உலகச் சாம்பியனானார். ரிக் ஃபிளேருக்கு டபிள்யூ.டபிள்யூ.இ. கொடுத்திருக்கும் கணக்கு 16. ஆகவே சீனாவே பெரியவர் என்று ஒரு வாதம் வரும். இதை ஏற்பதற்கு முன் புரூனோ சம்மார்ட்டினோவை நினைத்துப் பாருங்கள். அவர் 1963 மே மாதத்தில் பட்டம் வென்று 1971 ஜனவரி வரை, அதாவது 2,803 நாட்கள், அதை இழக்காமலே வைத்திருந்தார். பிறகு இரண்டாம் முறையும் வென்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் தக்கவைத்துக்கொண்டார். எண்ணிக்கையில் அவர் பெயருக்கு நேரே இருப்பது வெறும் 2. தோற்காமலிருந்தவரின் எண்ணிக்கை சிறிதாகவும், அடிக்கடி தோற்றுத் திரும்ப வென்றவரின் எண்ணிக்கை பெரிதாகவும் வருகிறதென்றால், அந்த அளவுகோலால் என்ன பயன்?

இன்னும் தெளிவான சான்று வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டுக்குப் போகலாம். அந்த ஆண்டு ஏப்ரலில், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இன் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ., படம் ஒன்றின் விளம்பரத்தை ஒட்டி, டேவிட் ஆர்க்கெட் என்ற திரைப்பட நடிகரைத் தன் உலகச் சாம்பியனாக்கியது. மறுபுறம், முதல் ரெசில்மேனியாவையே தன் வாய்ப்பேச்சால் தூக்கி நிறுத்திய ராடி பைப்பர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் ஒருமுறைகூட உலகச் சாம்பியன் ஆனதில்லை. ஜேக் ராபர்ட்ஸும் ஆனதில்லை. பட்டம் என்பது, அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்தை நடத்தியவர் அந்த மல்லர் மீது வைத்த நம்பிக்கையின் பதிவு. அந்த அளவுக்கு அதை மதியுங்கள். வணிகரீதியில் அதற்குப் பொருள் உண்டு. அதற்கு மேல் கனம் ஏற்றாதீர்கள்.

1990களில் தமிழ்நாட்டில் பள்ளி சென்றவர்களில் பலருக்கு இந்த எண்ணும் பழக்கம் டிரம்ப் கார்டுகளிலிருந்தே வந்தது என்று நினைக்கிறேன். உயரம், எடை, தரவரிசை என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள் இருந்தன. பெரிய எண் வைத்திருந்தவர் சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த விளையாட்டின் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால் ரிக்கி ஸ்டீம்போட் ஏன் பெரிய கலைஞர் என்பதை அந்த எண்களில் எதுவும் சொல்லாது.

ரிங்குக்குள் எதைப் பார்ப்பது

ஒரு மல்லரை மதிப்பிட நான் நம்பும் வழி, அவரை விட்டுவிட்டு அவருடைய எதிராளியைப் பார்ப்பது. இவரோடு ஆடியபின் எதிரே இருந்தவரின் மதிப்பு கூடியதா, குறைந்ததா? ஆட்டத்துக்கு முன்பு அவரை யாரென்றே அறியாத கூட்டம், ஆட்டம் முடியும்போது அவருக்காக எழுந்து நின்றதா? இந்த இரண்டு கேள்விகளும் எந்தப் பட்டியலையும்விட அதிகம் சொல்லும்.

ரெசில்மேனியா 13, 1997 மார்ச் 23, சிகாகோவுக்கு அருகே. பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும், ஒருவர் சரணடைந்தால்தான் முடியும் என்ற விதியுள்ள சரணடைதல் ஆட்டம் ஆடினார்கள். ஹார்ட் கதாநாயகராகவும் ஆஸ்டின் வில்லனாகவும் உள்ளே வந்தார்கள். கால்களை முறுக்கும் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் சிக்கிய ஆஸ்டின், முகமெல்லாம் இரத்தம் வழிய, சரணடைய மறுத்தே மயங்கினார். வெளியேறும்போது கூட்டம் ஆஸ்டினுக்காக ஆர்ப்பரித்தது, ஹார்ட்டை ஏசியது. இருவரின் இடமும் ஒரே ஆட்டத்தில் மாறிவிட்டது. வெற்றி ஹார்ட்டின் கணக்கில் இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தத் தொழிலையே சுமந்த நட்சத்திரம் தோற்ற பக்கத்தில் பிறந்தார். ஹார்ட்டின் பெருமையை நீங்கள் பேசப் போகிறீர்கள் என்றால் அந்தப் பட்டங்களை விட்டுவிட்டு இந்த ஆட்டத்தை எடுத்துப் பேசுங்கள்.

இரண்டு மல்லர்களை நேருக்கு நேர் ஒப்பிட வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவான எதிராளி ஒருவரைத் தேடுங்கள். ராண்டி சாவேஜையும் ரிக் ஃபிளேரையும் ஒப்பிட ரிக்கி ஸ்டீம்போட் கிடைக்கிறார். 1987 மார்ச் 29 அன்று ரெசில்மேனியா 3இல் சாவேஜும் ஸ்டீம்போட்டும் ஆடிய ஆட்டம் ஏறத்தாழ கால் மணி நேரம்தான். ஆனால் சாவேஜ் அதன் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டியே எழுதிவைத்து, மனப்பாடமாகும் வரை இருவரும் ஒருவரையொருவர் சோதித்துப் பார்த்துக்கொண்டார்கள். அதில் வீணான நொடி இல்லை. 1989இல் அதே ஸ்டீம்போட் ஃபிளேரோடு மூன்று பெரிய ஆட்டங்கள் ஆடினார்: பிப்ரவரியில் சிகாகோ, ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸ், மே 7 அன்று நாஷ்வில். இவற்றில் இரண்டாவது, மூன்றில் இரண்டு சுற்றுகளை வெல்ல வேண்டிய ஆட்டம், கிட்டத்தட்ட 55 நிமிடங்கள் ஓடியது. இவை பெரும்பாலும் ரிங்குக்குள்ளேயே, கூட்டத்தின் மூச்சைக் கேட்டு, ஒருவருக்கொருவர் மெல்லச் சொல்லிக்கொண்டே கட்டப்பட்டவை. முதலாவதை எழுதிவைத்துப் பாடிய கீர்த்தனை என்றால், பின்னவை மேடையிலேயே விரிந்த ராக ஆலாபனை. எது உயர்ந்தது என்று நீங்கள் எந்தப் பக்கமும் வாதிடலாம். ஆனால் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பது இப்போது தெளிவாகிவிடுகிறது.

அடி வாங்கும் விதத்தையும் கவனியுங்கள். ரசிகர்கள் ‘செல்லிங்’ என்று சொல்வது இதைத்தான். முதல் ஐந்து நிமிடத்தில் காலில் அடிபட்டவர் இருபதாவது நிமிடத்தில் அந்தக் காலை மறந்துவிட்டு ஓடுகிறாரா, அல்லது தாவி இறங்கும்போது ஒரு கணம் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். துண்டு துண்டாக வெட்டப்பட்ட காணொளிகளில் இது தெரியாது. முழு ஆட்டத்தையும் பார்க்காமல் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திர மதிப்பெண்கள் எதற்குப் பயன்படும் என்று கேட்கலாம். மல்யுத்தச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் தன் செய்திமடலில் ஆட்டங்களுக்குத் தரும் நட்சத்திரங்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. கசுச்சிகா ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஆடிய ஆட்டத்துக்கு அவர் ஐந்தைத் தாண்டி ஆறு கொடுத்தார்; 2018 ஜூனில் அதே இருவருக்கு ஏழு கொடுத்தார். எதைத் தேடிப் பார்ப்பது என்பதற்கு இவை நல்ல துணை. பழைய ஐந்தையும் புதிய ஏழையும் ஒப்பிட்டு ஒரு தலைமுறையைத் தாழ்த்துவதற்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

புகழை எப்படி எடைபோடுவது

ரிங்குக்குள் செய்யும் வேலையை மட்டுமே பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் ஒரு பாதியை இழக்கிறார்கள். ஹோகனிடம் இருந்த பிடிகள் சில. ஆனால் 2002 மார்ச் 17 அன்று டொரான்டோவில் அவரும் தி ராக்கும் எதிரெதிரே நின்றபோது, வில்லனாக வந்த ஹோகனைக் கூட்டம் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. அதைக் கேட்ட இருவரும் ஆட்டத்தின் நடுவிலேயே தங்கள் போக்கை மாற்றிக்கொண்டார்கள். அன்று அவர்கள் செய்தவற்றில் கடினமான பிடி எதுவுமில்லை. கூட்டத்தைக் கேட்கும் செவி இருந்தது, அதுவும் கைத்திறன்தான்.

பார்வையாளர் எண்ணிக்கையில் மட்டும் எச்சரிக்கை தேவை. ரெசில்மேனியா 3க்கு 93,173 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதைவிட மிகக் குறைவு என்று வாதிடுவோர் இன்றும் உள்ளனர். 1995 ஏப்ரலில் வட கொரியாவின் பியோங்யாங்கில் ஃபிளேரும் அன்டோனியோ இனோக்கியும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஆடினார்கள் என்பார்கள். அது அரசு ஏற்பாடு செய்த விழா. அந்தக் கூட்டம் ஒரு மல்லரின் பெயருக்காகச் சீட்டு வாங்கி வந்த கூட்டமன்று. எண் பெரிதாக இருக்கும்போதெல்லாம் அந்த மக்கள் எதற்காக வந்தார்கள் என்று கேளுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் பாருங்கள்

நம்மில் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் பார்த்தது ஒரே நிறுவனத்தின் நிகழ்ச்சிகளைத்தான். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வையும் அந்த நிறுவனமே வாங்கிவிட்டதால், அமெரிக்க மல்யுத்தத்தின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி இப்போது அதன் கையில் இருக்கிறது. யாரைப் பெரியவராகக் காட்டுவது, யாரை மறப்பது என்பதும் அதன் கையில் இருக்கிறது. ஆகவே ஒரு பட்டியலில் பத்துப் பெயர்களும் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்லர்களாகவே இருந்தால், பட்டியலிட்டவர் மற்ற நாடுகளைப் பார்த்துவிட்டு ஒதுக்கினாரா, பார்க்கவே இல்லையா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

மெக்சிகோவில் பட்டத்தைவிட முகமூடி பெரியது. முகமூடியைப் பணயம் வைத்து ஆடித் தோற்றவர் அதை நிரந்தரமாக இழக்கிறார். எல் சாண்ட்டோ 1942 முதல் அந்த வெள்ளி முகமூடியோடு ஆடி, ஒருமுறையும் அதை இழக்காமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் அதே கோலத்தில் நடித்து, 1984இல் அதோடே அடக்கம் செய்யப்பட்டார். ஒரு நாட்டின் மக்கள் மனத்தில் இவ்வளவு ஆழமாக இறங்கிய மல்லர் வேறு எவரும் இல்லை என்பதே என் கருத்து. அவருடைய சிறந்த காலத்து ஆட்டங்களின் பதிவுகள் அதிகம் கிடைக்காததால், ரிங் வேலையின் அடிப்படையில் அவரை மதிப்பிடுவது கடினம். அதை அவருக்கு எதிரான சான்றாக ஆக்கிவிடக் கூடாது.

பெண் மல்லர்களை ‘மகளிர் பிரிவு’ என்று தனியே ஒதுக்கிவைப்பது மிக மோசமான பழக்கம். 1990களில் ஜப்பானின் மனாமி டொயோட்டா ஆடிய வேகத்தையும் உறுதியையும் பார்த்தவர்கள், அன்று உலகில் ஆடிய எந்த ஆணோடும் அவரை ஒப்பிடத் தயங்க மாட்டார்கள். அவர் இருந்த நிறுவனத்தில் பெண்கள் 25, 26 வயதிலேயே ஓய்வுபெற்றுவிட வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நீண்டகாலம் ஆடியவரே பெரியவர் என்ற அளவுகோலை அங்கே கொண்டுபோனால், ஒரு தலைமுறையையே அநியாயமாகத் தள்ளிவிடுவீர்கள்.

விவாதம் நடக்கும்போது

பேசத் தொடங்குமுன் இரண்டு விதிகளை ஒப்புக்கொள்ளுங்கள். உச்சகாலத்தை அளக்கிறோமா, முழு வாழ்க்கையையும் அளக்கிறோமா என்பது ஒன்று. ரிங்குக்கு வெளியே அந்த மனிதர் செய்ததைக் கணக்கில் சேர்ப்பதா என்பது இன்னொன்று. கிறிஸ் பென்வா 2007 ஜூனில் தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய திறமையைப் பற்றி ஆராய்வதற்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. ‘மிகச் சிறந்தவர்’ என்ற மரியாதையை அவருக்குத் தருவதற்கு என்னால் இயலாது. உங்கள் முடிவு எதுவானாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாதம் தோற்கும் கட்டத்தில் எடுத்து வீசும் ஆயுதமாக அதை வைத்திருக்காதீர்கள்.

உங்கள் தேர்வைச் சொல்லும்போது, அதற்கு எதிரான மிக வலுவான வாதத்தையும் நீங்களே சொல்லுங்கள். என் தேர்வு ரிக் ஃபிளேர். 1980களில் என்.டபிள்யூ.ஏ. (பல வட்டார மல்யுத்த நிறுவனங்களின் கூட்டமைப்பு) சாம்பியன் என்பவர் ஊர் ஊராகப் பயணம் செய்து, அந்தந்த வட்டாரத்து நாயகரோடு ஆட வேண்டியவர். டெக்சாஸில் கெர்ரி வான் எரிக், ஜப்பானில் ஜம்போ சுருட்டா என்று ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் இருப்பார். சாம்பியன் அவரிடம் அடிவாங்கி, கெஞ்சி, ஏமாற்றி, கடைசி நொடியில் தப்பிப் போக வேண்டும். எங்கள் ஆள் ஒரு விரற்கடையில் உலகப் பட்டத்தை இழந்துவிட்டார் என்று அந்த ஊர் நம்ப வேண்டும். ஃபிளேர் இதை இரவுக்கு இரவு, பல ஆட்டங்கள் ஒரு மணி நேரம் நீள, செய்துகாட்டினார். 1988 மார்ச் 27 அன்று கிரீன்ஸ்பரோவில் அவரோடு 45 நிமிடம் சமனில் நின்ற ஸ்டிங், அதற்கு முன் வளரும் இளைஞர். அதற்குப் பின் பெரிய நட்சத்திரம்.

இனி எதிர்வாதம். ஃபிளேர் ஒரே ஆட்டத்தையே எல்லாரோடும் ஆடினார் என்று பிரெட் ஹார்ட் வெளிப்படையாகவே குறை கூறியிருக்கிறார். மூலைக்கம்பத்தில் ஏறித் தூக்கி எறியப்படும் காட்சியை நூறு ஆட்டங்களில் பார்த்தவர்களுக்கு அதில் உண்மை இருப்பது தெரியும். 2008இல் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்று அழகாக விடைபெற்றவர் மீண்டும் திரும்பி, 2022 வரை ஆடியதும் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. உச்சகாலத்தை மட்டும் பார்த்தால், 1990களின் மிசாவாவை வைத்து ஒருவர் என்னைத் திணறடித்துவிடலாம். 1994 ஜூன் 3 அன்று டோக்கியோவில் மிசாவாவும் தோஷியாக்கி கவாடாவும் ஆடியதைவிடச் சிறந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கழுத்திலும் தலையிலும் விழவைக்கும் அந்தப் பாணி அவர்களிடமிருந்து வாங்கிய விலையை என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. எதிராளியைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்து, அதே நேரத்தில் ஊரையே நம்பவைத்த கைத்திறனை ஒரு படி மேலே வைக்கிறேன். இதை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களுடைய காரணமும் வலுவானதே.

பேச்சு முடியும் வேளையில் ஆளுக்கு ஓர் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதை அவர் முழுதாகப் பார்க்க வேண்டும், அவர் சொல்வதை நீங்கள் முழுதாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகே அடுத்த சுற்று. ஃபிளேரை அறியாதவருக்கு நான் முதலில் ஸ்டிங்குடன் ஆடியதையும், அதன்பின் 1989இன் மூன்று ஆட்டங்களை வரிசை மாறாமலும் கொடுப்பேன். சீனாவை விரும்புபவர் உங்களிடம் கொடுக்க வேண்டியது லாஸ் வேகஸ் ஆட்டத்தை அன்று. 2011 ஜூலை 17 அன்று சிகாகோவுக்கு அருகே, சி.எம். பங்க்கின் சொந்த ஊர்க்கூட்டத்தின் நடுவே நடந்ததைத்தான். அரங்கம் முழுவதும் தன்னை வெறுக்கும்போது அந்த வெறுப்பையே சீனா எப்படி ஆட்டத்தின் எரிபொருளாக்குகிறார், எந்தெந்த இடத்தில் நின்று கூட்டத்துக்கு நேரம் தருகிறார், தோற்றுப்போய் பங்க்கை எவ்வளவு உயரத்தில் ஏற்றிவைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். சீனாவுக்கான மிக வலுவான வாதம் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.